சோயா மொச்சையின் பக்குவம்: சுவை தேடிய வழியில் கிடைத்த செரிமானம்

காய்ந்த சோயா மொச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் பச்சையாகத் தின்றால் அது உடம்பில் ஒட்டாது. வெறுமனே அவித்துத் தின்றால் வயிறு உப்பும். இக்குறைகளைக் களையும் முறைகள் ஆசியச் சமையற்கட்டுகளில் பல நூற்றாண்டுகளாக உருவாகின. சுவைக்காகவும் சேமிப்புக்காகவும் வளர்ந்த அம்முறைகள் செரிமானத்தையும் சீராக்கின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவித்தலும் பூஞ்சையும்

பண்டைச் சீனாவில் அவித்த மொச்சை எளியோர் உணவு. கி.மு. 59இல் வாங் பாவ் எழுதிய நகைச்சுவை ஒப்பந்தம் ஒன்று, அடிமைக்கு மொச்சையும் தண்ணீருமே உணவு என விதிக்கிறது. அதே மொச்சை, நொதிக்கவைத்தபின் செல்வர் வீட்டுச் சுவையூட்டியானது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாவாங்துய் என்னும் இடத்திலுள்ள சீமாட்டி ஒருவரின் கல்லறையில் நொதித்த மொச்சை கிடைத்துள்ளது. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே தமது வேளாண் நூலில் செய்முறையையே தருகிறார்: அவித்த மொச்சையை அறையில் குவித்துவைக்க வேண்டும்; குவியலின் சூடு மனிதரின் அக்குள் சூட்டை ஒத்திருக்க வேண்டும்; மஞ்சள் பூஞ்சை படர்ந்ததும் கழுவி, மீண்டும் நொதிக்கவிட வேண்டும்.

டோஃபு

டோஃபுவைக் கண்டவர் கி.மு. 122இல் இறந்த லியூ ஆன் இளவரசர் என்பது மரபுக் கதை. தெளிவான எழுத்துச் சான்று 10ஆம் நூற்றாண்டில் தாவ் கு பெயரில் வழங்கும் நூலில்தான் கிடைக்கிறது. இறைச்சிக்கு மாற்றாக டோஃபு விற்கப்பட்டதை அந்நூல் குறிக்கிறது. ஊறிய மொச்சையை அரைத்து, சக்கையைப் பிழிந்து நீக்கி, பாலைக் கொதிக்கவைத்து, ஜிப்சம் சேர்த்துத் திரியவைத்து அழுத்துவார்கள். வடியும் நீரோடு வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் பெரும்பங்கு போய்விடுகிறது.

டெம்பே

ஜாவாவின் டெம்பே 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ‘செராத் செந்தினி’ என்னும் ஜாவானிய நூலில் இடம்பெறுகிறது. ஊறிய மொச்சையின் தோலைத் தேய்த்து நீக்கி, வேகவைத்து, நீரை வடித்து, ஈரம் உலர ஆறவிட்டு, பூஞ்சை வித்து கலந்து வாழையிலையில் பொதிவார்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை இழைகள் பருப்புகளைக் கட்டியாகப் பிணைக்கும்; பொதியைத் தொட்டால் கை சுடும்.

ஆய்வகச் சான்று

1917இல் ஆஸ்போர்ன், மெண்டல் என்னும் ஆய்வாளர்கள் எலிகளுக்குச் சோயா கொடுத்துப் பார்த்தனர். பச்சை மொச்சை தின்றவை சரியாக வளரவில்லை. வேகவைத்ததைத் தின்றவை வளர்ந்தன. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியை முடக்கும் பொருளை 1940களில் ஆய்வாளர் குனிட்ஸ் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஈரச்சூடு அதைப் பெருமளவு செயலிழக்கச் செய்கிறது. ஆனால் ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் சர்க்கரைகள் வெந்தாலும் சிதைவதில்லை. அவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லாததால், பெருங்குடல் நுண்ணுயிர்கள் அவற்றை வாயுவாக்குகின்றன. ஊறவைத்த நீரையும் அவித்த நீரையும் கொட்டினால் அச்சர்க்கரைகள் குறையும். இரும்பையும் துத்தநாகத்தையும் பிணைத்துவைக்கும் பைட்டேட்டும் சூட்டுக்கு எளிதில் அசையாது. பூஞ்சையின் நொதியே அதைச் சிதைக்கிறது. புரதத்தைச் சிறு துண்டுகளாக்குவதும் அப்பூஞ்சைதான்.

முடிவு

ஆக, நெருப்பு நொதித்தடையையும், நீர் வாயுச் சர்க்கரையையும், பூஞ்சை பைட்டேட்டையும் கவனிக்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்று முழுமையாகச் செய்யாது. டோஃபுவில் முதல் இரண்டும் உண்டு. டெம்பேயில் மூன்றும் சேர்கின்றன. குக்கரில் கூடுதலாக நாலு விசில் விடுவதால் வயிற்று உப்புசம் தீராது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைப்பதே அதற்கு வழி.