குடவோலை

குடம் + ஓலை. மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து குடவோலை ஆயிற்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் (கி.பி. 919, 921) பொறித்த கல்வெட்டுகளே, ஊர் வாரியங்களுக்கு (நிர்வாகக் குழுக்களுக்கு) உறுப்பினரைத் தேர்ந்த இந்த முறைக்குப் பெரிய சான்று. ஊரின் 30 குடும்புகளிலும் (குடும்பு என்றால் குடும்பம் அல்ல, வார்டு) தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்குவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒன்றை எடுப்பான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளிக்க வழியில்லை! முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் ஓலையே கிடையாது. இதை மக்களாட்சித் தேர்தல் என்று மேடையில் முழங்குவது மிகை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர்களுக்குள் நடந்த குலுக்கல் இது. இன்றும் உள்ளாட்சித் தேர்தலில் இருவர் சம வாக்கு பெற்றால், குலுக்கல்தான் வென்றவரை முடிவு செய்கிறது.