கைகலப்புக்குள் அம்பு விடலாமா?

பதிவு கொஞ்சம் நீளம், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஹெவ்லொக் டவுனில் நாங்கள் சில ஆசிரியர்கள் போயா விடுமுறைகளில் பிள்ளைகளோடு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டு அது. அதில் ஓயாமல் கிளம்பும் வாக்குவாதம் ஒன்று உண்டு. நம்மாள் எதிரியோடு வாளால் மோதிக்கொண்டிருக்கும்போது, பின்னால் நிற்கும் வில்லாளி அதற்குள் அம்பு விடலாமா? விட்டால் அது யார்மேல் படும்?

இந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள். 1977இல் புதியவர்களுக்காக அதைச் சுருக்கி எழுதிய எரிக் ஹோம்ஸ், தொழிலால் நரம்பியல் மருத்துவர். அவர் ஒரே போடாகத் தடுத்துவிட்டார்: கைகலப்பு தொடங்கினால் அம்பு கிடையாது, நம்மவர்மேல் படும். 1979இல் கைகாக்ஸ் அதை மாற்றினார். விடலாம், ஆனால் நீ யாரைக் குறிபார்த்தாய் என்பதில் பயனில்லை. மோதுகிறவர்களில் யாரை நோக்கி அம்பு போகிறது என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒத்த உடம்புக்காரர் இருவர் என்றால் பாதிக்குப் பாதி.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் உருட்டிய எண்ணிலிருந்து 4ஐக் கழித்தால் போதும். இருபது முகப் பகடையில் அது நூற்றுக்கு இருபது. அதற்கென்று பயிற்சி எடுத்த வில்லாளிக்கு அந்தக் கழிவும் இல்லை. 2014இல் கழிவே போய்விட்டது. இடையில் ஒருவர் நின்றால் எதிரியின் தற்காப்பு எண் 2 கூடும், அவ்வளவுதான். தவறிய அம்பு நடுவில் நிற்பவரைத் தாக்குவது, நடத்துனர் விரும்பினால் சேர்க்கும் விதியாகிவிட்டது.

விளையாட்டு வேகமாகிவிட்டது, உண்மைதான். ஆனாலும் எங்கள் மேசையில் 1979ஆம் ஆண்டு விதிதான். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். "இரு தரப்பு மோதலில் அகப்பட்டு" என்ற வாசகத்தை வானொலிச் செய்தியில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, நடுவில் நிற்பவன்மேல் ஒருபோதும் படாத அம்பைச் சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லை.

சரி, உண்மையான போரில் என்ன செய்தார்கள்? நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது: கன்னொறுவ, 1638 மார்ச் 28. போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோ கண்டிக்குப் படையோடு போனபோது நகரம் வெறுமையாகக் கிடந்தது. தீ வைத்துவிட்டுத் திரும்பினார். வழியில், மகாவலி கங்கைக் கரையில், இரண்டாம் இராஜசிங்கனின் படை அவரைச் சூழ்ந்துகொண்டது.

இங்கேதான் எங்கள் கேள்வி வருகிறது. போர்த்துக்கேயப் படையில் போர்த்துக்கேயர் சிறுபான்மை. அதிகம் பேர் லஸ்கரின்கள், அதாவது அவர்களுக்காகச் சண்டை பிடித்த உள்ளூர்க்காரர். அம்பு விட்டால் முதலில் விழக்கூடியவர்கள் அவர்கள்தான். தளபதி போர்நிறுத்தம் கேட்டார், மன்னன் பதில் அனுப்பவில்லை. பதிலுக்குப் பறையறைந்து அறிவிக்கச் செய்தான்: அந்தப் படையில் இருக்கும் சிங்களவர் விலகிப் போகட்டும், நாளை தாக்குவேன். பெருந்தொகையானோர் விலகினார்கள். இது இரக்கம் மட்டும்தான் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் எதிரியின் படையைக் கரைக்கும் தந்திரமும்தான். ஆனால் யார் யார்மேல் படும் என்பதை அவன் பகடைக்கு விடவில்லை.

மறுநாள் கண்டிப் படை நெருங்கிப்போய் வாள் சண்டைக்கு அவசரப்படவில்லை. தூரத்தில் நின்றே அம்பாலும் துவக்காலும் அடித்தது. (நம்முடைய ‘துவக்கு’, தமிழ்நாட்டாரின் ‘துப்பாக்கி’ இரண்டுக்கும் மூலம் துருக்கிச் சொல்தான்.) தளபதியும் மாண்டார். போர்த்துக்கேயரில் 33 பேரே மிஞ்சினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் ஆற்றின் மறுகரையையும் ஒருமுறை காட்டுங்கள். அதுதான் கன்னொறுவ. இப்போது அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன.