கடற்கோளின் பின் பொறுப்பு எவருடையது?

கடற்கோள் என்னுஞ் சொல்லை நம்மிற் பலர் முதன்முதலாகக் கேட்டது தமிழிலக்கிய வரலாற்றுப் பாடத்திலேயாம். கபாடபுரத்தைக் கடல் கொண்டதென மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். ஆனால் 2004 மார்கழி 26ஆந் திகதி, பூரணை தினமாகிய ஞாயிற்றுக்கிழமை காலையில், இலங்கைக் கரையை மோதிய கடற்கோள் பழங்கதையன்று. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் அம்பாறையே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது. என்னையொத்த வயதினர் அப்போது கைக்குழந்தைகள். ஆதலின் ஈண்டு யான் கூறுவன மூத்தோர் வாய்க் கேட்டனவும் ஏடுகளிற் கண்டனவுமே. பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

அன்று முதலிற் கைகொடுத்தவர் அயற்கிராமத்தவரே. கோயில் மடங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் அகதிகளின் உறைவிடங்களாயின. கொழும்பிலிருந்து உத்தரவு வருமுன்னரே உலையேற்றப்பட்டது. எனினும், இதனைக்கொண்டு ஊராரே போதும், அரசாங்கம் வேண்டாம் என்பார் கூற்றை யான் ஒப்பேன். தெற்கே பெரலியவில் ரயிலொன்றை அலை கவிழ்த்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். தண்டவாளமும் பெயர்ந்து முறுகிற்று. அக்கரையோரப் பாதையில் இரண்டு மாதத்துக்குள் மீண்டும் ரயிலை ஓடச் செய்தது அரசாங்க ரயில்வேப் பகுதியாகும். எந்த ஊரவர் சங்கத்துக்கு அது இயலும்?

இருப்புப்பாதை எங்கும் ஒரே அளவினது. குடியிருப்பு நிலமோ அவ்வாறன்று. இங்கேதான் இடர் தோன்றியது. புனர்நிர்மாணத்துக்கென அரசாங்கம் நியமித்த செயலணியில் பெரும்பாலும் கொழும்பு வணிகத் துறையினரே இடம்பெற்றனர். கடலிலிருந்து மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் எவரும் வீடு கட்டலாகாது என்று விதி வகுக்கப்பட்டது. வரைபடத்தில் அது ஒரு கோடு. மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களிலோ, ஒரு புறம் கடல், மறு புறம் வயல், இடையே நெருங்கிய மனைகள். அவ்வெல்லைக்குள் வீடிழந்தவர் எங்கே போவது? ஒரு விதானையாரைக் கேட்டிருந்தாலும் இதனைச் சொல்லியிருப்பார். கடற்றொழிலாளிக்கும் தோணிக்கும் இடையே தூரம் வைப்பது அவன் சீவனத்துக்கே தடை என்பதையும் சொல்லியிருப்பார். பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் தற்காலிகக் கொட்டில்களில் மாதங்கள் பல கழிந்துவிட்டன.

பொறுப்பைப் பங்கிட ஒரு முயற்சியும் நடந்தது. 2005 ஆனி 24இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. மத்தியிலும் பிராந்தியத்திலும் மாவட்டத்திலுமாக மூவகைக் குழுக்கள், பிராந்தியத்துக்கெனத் தனி நிதியம், பிராந்தியக் குழுவுக்குக் கிளிநொச்சியில் இருப்பிடம் என்பன அதன் ஏற்பாடுகள். அதனை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி முன்னரே அரசாங்கத்தை விட்டு விலகியிருந்தது. ஆடி 15இல் நிதியம், இருப்பிடம் முதலிய சில பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்துடன் அது செயலற்றுப் போயிற்று. நம்மவர் இதனைக் கொழும்பின் வஞ்சனை என்று மட்டும் பேசுவர். உயிரிழப்பு மிகுந்த கிழக்குக் கரையின் முஸ்லிம் மக்கள் அவ்வுடன்படிக்கையிற் கைச்சாத்திடும் தரப்பாக இருக்கவில்லை என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஊரின் பொறுப்பு என்று சொல்லும்போது, ஊர் என்பதில் அடங்குவோர் யாவர் என்ற வினாவும் உடன் எழுகின்றதன்றோ?

இன்னுமொன்று. வடக்கு கிழக்கு மாகாண சபை 1990இலேயே கலைக்கப்பட்டிருந்தபடியால், கடற்கோள் வந்த காலத்தில் மக்கள் தெரிந்தெடுத்த மாகாண சபை அங்கே இருக்கவில்லை. அரசாங்க அதிபரும் கச்சேரியுமே இருந்தன. அவர்கள் பாடுபட்டனர், ஆயினும் அவர்கள் விடை பகரவேண்டியது கொழும்புக்கேயன்றி, கொட்டிலில் இருந்தவருக்கன்று. யுத்தத்தின் பேராற் சபையில்லாமற் போனதும் கடற்கோளின் இழப்புகளுள் ஒன்றாகவே எனக்குத் தோன்றுகின்றது.

அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியால் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை எச்சமூகத்தவருக்கு எவ்விகிதத்திற் கொடுப்பதென்ற பிணக்கு ஊரிலே தொடங்கிக் கொழும்பு நீதிமன்றம் வரை சென்றது. வீடில்லாதோர் பார்த்திருக்க, அவ்வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பூட்டியே கிடந்தன. முற்றங்களிற் பற்றை மூடிற்று.