கையால் கற்கும் கலை வரலாறு

பொலன்னறுவைச் செப்புப் படிமங்களின் சிறப்புகளைச் சொல்லுமாறு கேட்டால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் வகுப்புகளுக்கு ஓடும் நம் பிள்ளைகள் பலர் தடையின்றி ஒப்புவிப்பார்கள். அப்படிமம் எவ்வாறு உருவாயிற்று என்று கேட்டாலோ மௌனமே பதிலாகிறது. பத்திரிகைத் தொழிலில் பாடசாலைக் கண்காட்சிகள் பலவற்றைப் பார்த்தவன் என்ற முறையில் இதனைக் கவலையோடு எழுதுகிறேன்.

முன்னாளில் இக்கலை கைவழியாகவே கற்பிக்கப்பட்டது. கொழும்பில் 1877 ஆம் ஆண்டு பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கண்டிப் பிரதேசக் கைவினைஞரிடம் நேரிற் கேட்டறிந்தவற்றைத் தம் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலில் 1908 இல் பதிவு செய்தார். அந்த மரபில் தொழில் பழகவரும் சிறுவனுக்கு முதற்பாடம் 'வக தெக' எனப்படும் இரட்டை வளைவு. கை அதிலே படிந்த பின்னரே கொடியும் மலரும் விலங்கும் வரும்.

தமிழகத்துச் சுவாமிமலை ஸ்தபதிகளிடமும் இதற்கு இணையான முறை உண்டு. தென்னோலைக் கீற்றொன்றைப் படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, தாலமானக் கணக்கின்படி மடித்து, முகம், கழுத்து, மார்பு என அளவு குறிப்பார்கள். இதுவே ஒடியோலை. பின்னர் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, வண்டல் மண் பூசிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பு வார்க்கப்படும். மண் அச்சை உடைத்தே படிமத்தை எடுக்க வேண்டுமாதலால், ஒரே அச்சில் இரண்டாவது படிமம் பிறப்பதில்லை.

பொலன்னறுவையில் எச்.சி.பி. பெல் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த நடராசர், சுந்தரர் முதலிய படிமங்கள் கொழும்பு தேசிய நூதனசாலையைச் சேர்ந்தன. அவற்றைப் பற்றி சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஆராய்ந்து எழுதியுள்ளார். அவை சோழநாட்டிலிருந்து வந்தனவா, இங்கேயே வார்க்கப்பட்டனவா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். வார்ப்பு முறையை அறிந்த மாணவனுக்கே அந்த விவாதத்தின் சாரம் விளங்கும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஓர் ஓலைக்கீற்றை ஒன்பது சமபாகமாக மடித்து, அந்த அளவுக்கு ஓர் உருவம் வரையச் சொல்லலாம். களிமண்ணில் அச்செடுத்து, உலோகத்துக்குப் பதிலாகச் சாந்து வார்க்கலாம். மெழுகு உருக்கும் வேலை மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். அதன்பின் நூதனசாலைக்கு அழைத்துச் சென்றால், பிள்ளைகள் கண்ணாடிப் பேழையின் முன்னே கேள்விகளோடு நிற்பார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு அருகிலேயே இன்னொரு பாடம் காத்திருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் மீளக் கட்டுவித்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரம் அது. அதன் தூண் ஒன்றை அனுமதி பெற்று அடி முதல் போதிகை வரை அளந்து வரைந்தால், கோயிற் கட்டடக்கலை பற்றிய அத்தியாயம் தானே மனத்திற் பதியும்.

தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த குமாரசுவாமியே சிங்களக் கைவினைஞரின் கலைக்கு முதற்பெரும் நூலை ஆக்கினார் என்பதை நாம் மறக்கலாகாது. 'யாருடைய கலை' என்ற வழக்கில் இந்நாடு இழந்தது போதும். தமிழ்ப் பிள்ளை வக தெக வரையட்டும். சிங்களப் பிள்ளை ஒடியோலை மடிக்கட்டும். பரீட்சைக்காக மனனம் செய்தது பரீட்சையோடு போகும். கை கற்றது போகாது.