வீட்டு இன்குபேட்டரில் முட்டையைத் திருப்ப இனி ஆள் வேண்டாம்: ஆட்டோமேட்டிக் டர்னர் செய்வது எப்படி?

ஒரு தெர்மாகோல் பெட்டி, ரெண்டு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட், ஒரு சின்ன ஃபேன். வீட்டிலேயே இன்குபேட்டர் ரெடி. ஆனால் 21 நாள் காத்திருந்து பார்த்தால் பல முட்டைகள் கூமுட்டையாகக் கிடக்கும். சூட்டை மட்டும் கவனித்து, முட்டையைத் திருப்புவதில் கோட்டை விடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே இருக்கிறது மம்சாபுரம். இதுபோன்ற ஊர்களில் வீட்டுப் பக்கத்திலேயே நாலஞ்சு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு முட்டையும் காசுதான். காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும் என்பவர்கள் என்ன செய்வது? முட்டையைத் தானாகத் திருப்பும் டர்னரை வீட்டிலேயே எப்படிச் செய்யலாம்னு பார்க்கலாம்.

முட்டையை ஏன் திருப்பணும்?

மஞ்சள் கரு வெள்ளைக் கருவைவிட லேசானது. அதனால் மேல்நோக்கி மிதக்கும். குஞ்சாக வளரப்போகும் கரு, அந்த மஞ்சள் கருவின் உச்சியில்தான் இருக்கும். முட்டை அசையாமல் கிடந்தால், கரு ஓட்டின் உள்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துப்போக வாய்ப்பு அதிகம். திருப்பினால்தான் ரத்தக் குழாய் வலை ஓட்டைச் சுற்றிச் சரியாகப் பரவும், வெள்ளைக் கருவில் உள்ள சத்தும் குஞ்சுக்குப் போய்ச் சேரும். இதில் முதல் வாரம் ரொம்ப முக்கியம்.

அடைக்கோழி இதைத் தானாகவே செய்கிறது. அலகாலும் உடம்பாலும் முட்டைகளை அடிக்கடி உருட்டி விடும். பெரிய ஹேட்சரிகளில் மணிக்கு ஒருமுறை ட்ரே இந்தப் பக்கம் 45 டிகிரி, அந்தப் பக்கம் 45 டிகிரி என்று சாயும்.

கையால் திருப்பினால் போதாதா?

போதும். ஒரு நாளைக்கு குறைந்தது 3 முறை, முடிந்தால் 5 முறை திருப்பலாம். எகிப்தின் பழைய மண் அடுப்புக் குஞ்சு பொரிப்பகங்களில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்களே உள்ளே போய் முட்டையைத் திருப்பி வந்தார்கள். ஆனால் வீட்டுப் பெட்டியில் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் சூடும் ஈரப்பதமும் வெளியே போயிடும். ராத்திரியில் நீண்ட நேரம் இடைவெளி விழும். டர்னர் இருந்தால் இந்த ரெண்டு பிரச்சினையும் இல்லை.

என்னென்ன வேணும்?

• 230 வோல்ட் சின்க்ரோனஸ் கியர் மோட்டார், 2.5 ஆர்.பி.எம். (ஏர் கூலரில் காற்றைத் திருப்புற சின்ன மோட்டார் இந்த வகைதான். கரன்ட் செலவு சுமார் 4 வாட்தான்.)
• நொடிக் கணக்கில் ஆன்-ஆஃப் நேரம் வைக்கக்கூடிய சைக்ளிக் டைமர்
• 30 முட்டை பிளாஸ்டிக் ட்ரே (அட்டை ட்ரே காற்றோட்டத்தைத் தடுக்கும்)
• ட்ரேயைத் தாங்க ஒரு சட்டம், நடுவில் அச்சுக் கம்பி
• சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, சின்னத் தகடு, போல்ட், நட்

எப்படிச் செய்வது?

1. ட்ரே வைக்கும் சட்டத்தின் சரியான நடுவில் அச்சுக் கம்பியைப் பொருத்துங்கள். பக்கத்துக்குப் பக்கம் எடை சமமாக இருக்கணும். விரலால் தட்டினாலே ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும்.

2. 30 செ.மீ. அகல ட்ரே 45 டிகிரி சாயும்போது அதன் ஓரம் சுமார் 11 செ.மீ. கீழே இறங்கும். அதனால் அச்சுக்குக் கீழே குறைந்தது 15 செ.மீ. இடம் விடுங்கள். பல்பிலும் தண்ணீர்ப் பாத்திரத்திலும் ட்ரே இடிக்கக் கூடாது.

3. சட்டத்தின் அடியில், அச்சுக்கு நேர் கீழே 6 செ.மீ. நீளத்தில் ஒரு லீவர் தொங்க விடுங்கள். மோட்டார் தண்டில் மாட்டும் தகட்டில், நடுவிலிருந்து 4.2 செ.மீ. தள்ளி ஓட்டை போடுங்கள். ரெண்டையும் 20 செ.மீ.க்குக் குறையாத ஸ்போக்ஸ் கம்பியால் இணைத்தால், ட்ரே இருபக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி சாயும். தகட்டின் அளவு லீவர் அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கணும். இல்லாவிட்டால் மோட்டார் சிக்கி நின்றுவிடும்.

4. மோட்டார் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். தெர்மாகோலில் ஸ்க்ரூ நிற்காது, ஒரு பிளைவுட் துண்டு வைத்துப் பொருத்துங்கள். கம்பி மட்டும் சிறு துளை வழியாக உள்ளே போனால் போதும்.

5. 2.5 ஆர்.பி.எம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 24 நொடி எடுக்கும். டைமரில் 12 நொடி ஆன், 2 மணி நேரம் ஆஃப் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று. ட்ரே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு நாளைக்கு 12 முறை திருப்பியாச்சு!

முட்டையை வைக்கும்போது அகலமான பக்கம் மேலே இருக்கணும். காற்று அறை அங்கேதான் இருக்கு. நாட்டுக்கோழி முட்டை சின்னது என்பதால் குழியில் லூசாக இருந்தால், மேலே வலை கட்டி விடுங்கள்.

உருட்டும் வகை டர்னர் எப்படி?

சாய்க்க இடம் இல்லாத சின்னப் பெட்டிக்கு இது வசதி. முட்டைகளைப் படுக்க வைத்து, கட்டம் கட்டமான சட்டத்தை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ளுவது. சுமார் 4 செ.மீ. தடிமனுள்ள முட்டை பாதி திரும்ப 6.3 செ.மீ. உருள வேண்டும். இடைவெளியையும் சேர்த்து 7 செ.மீ. நகர்வு வேணும். அதற்குத் தகட்டில் 3.5 செ.மீ. தள்ளி ஓட்டை போட்டால் சரியாக வரும். பென்சிலால் முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டால் திரும்புதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பலர் சறுக்கும் இடங்கள்

தவறான டைமர்: 15 நிமிடக் கட்டங்கள் உள்ள சாதாரண டைமரில் இந்த மோட்டாரை மாட்டினால், ஒவ்வொரு முறையும் 37 சுற்று சுற்றும். முட்டை குலுங்கிப் போயிடும்.

பாதியில் நிற்பது: நாள் ஆக ஆக நொடி வித்தியாசம் சேர்ந்து ட்ரே மட்டமாக நிற்கலாம். தினமும் ஒருமுறை பாருங்கள்.

கரன்ட் பாதுகாப்பு: உள்ளே ஈரம், வெளியே 230 வோல்ட். எர்த், ஃப்யூஸ் கட்டாயம். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் இன்னும் நல்லது. வயரிங் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

சோதிக்காமல் முட்டை வைப்பது: முதல் நாள் காலி ட்ரே, அடுத்த நாள் கடை முட்டை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே அடை முட்டை வைக்கணும்.

கரன்ட் போனால்?

பயப்பட வேண்டாம். சில மணி நேரம் திருப்பாமல் இருப்பதைவிட சூடு இறங்குவதுதான் பெரிய பிரச்சினை. மூடியைத் திறக்காமல், மேலே போர்வை போட்டு, காற்றுத் துளையை மட்டும் விட்டு மூடி வையுங்கள். அடிக்கடி கரன்ட் போகும் இடம் என்றால் 12 வோல்ட் மோட்டாரும் பேட்டரியும் நல்லது.

18-வது நாள் மறக்காதீங்க!

கோழி முட்டைக்கு 18-வது நாளோடு டர்னரை நிறுத்தணும். அப்போது குஞ்சு ஓட்டை உடைக்கத் தயாராகும். முட்டைகளை எடுத்து, வலை விரித்த சமதளத்தில் படுக்க வையுங்கள். டர்னர் உள்ளேயே ஓடினால் குஞ்சின் கால் சிக்கிக்கொள்ளும். காடைக்கு 14-வது நாள், வாத்துக்கு 25-வது நாள் நிறுத்தலாம்.

அதனால்தான் தினம் ரெண்டு முட்டை என்று சேர்க்கக் கூடாது. ஒரு வாரத்து முட்டையைக் குளிர்ச்சியான இடத்தில் சேர்த்து, ஒரே நாளில் வைப்பதே சரி.

ஃபேன் உள்ள பெட்டியில் சூடு 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூணு நாள் 65 முதல் 70 சதவீதம். இது சரியாக இருந்தால்தான் டர்னருக்கும் பலன்.

7-வது நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்த நரம்பு தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் சேவல் சேராத முட்டை, அதை எந்த டர்னரும் காப்பாற்றாது. ரத்த வளையம் தெரிந்தால் கரு பாதியில் செத்திருக்கு, அப்போதுதான் சூட்டையும் டர்னரையும் சோதிக்கணும்.

மேலும் சந்தேகம் இருந்தால், ராஜபாளையத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தை இந்தப் பகுதி மக்கள் அணுகலாம்.