எரித்த கையும் எழுப்பிய கையும்

அரண்மனையைத் துறந்து வெளியேறியவர் புத்தர். அவரை மீண்டும் அரண்மனை வாயிலுக்கே அழைத்து வந்து அமர்த்தினர் மன்னர்கள்! தாய்லாந்தின் பழைய தலைநகராம் அயூத்தியாவில் உள்ள மங்கோன் போபித் விகாரத்தின் வரலாறு அதுதான்.

அங்கே வீற்றிருக்கும் வெண்கலப் புத்தர், பீடம் நீங்கலாகவே 12 மீட்டருக்கு மேல் உயர்ந்தவர். 17ஆம் நூற்றாண்டில் அரண்மனைக்கு அண்மையில் சிலையைக் கொணர்ந்து நிறுவிக் கூரை எழுப்பினர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடி விழுந்தது, கூரை எரிந்தது, சிலையின் தலையும் உடைந்து வீழ்ந்தது. இடியைத் தடுக்கச் சிலையால் இயலவில்லை. உடைந்ததைச் சீர்செய்ய மனிதனால் இயன்றது.

வானம் இட்ட தீயினும் கொடிது, மனிதன் இட்ட தீ. 1767ஆம் ஆண்டு, பதினான்கு மாத முற்றுகைக்குப் பின், பர்மியப் படை நகருக்குள் புகுந்தது. வந்தவர் யார்? புத்தரின் பகைவரா? அல்லர்! அவர்களும் பௌத்தர், அவர்தம் மன்னனும் பௌத்தன். மதிலுக்கு உள்ளே இருந்தோரும் புத்தரை வணங்கினர். வெளியே நின்றோரும் புத்தரை வணங்கினர். கொல்லாமையை முதல் ஒழுக்கமாக ஏற்ற இரு சாராரும் கொன்றனர்! அருகிலிருந்த அரச கோவிலில், பொன் வேய்ந்து நின்ற புத்தரைப் பொன்னுக்காகவே தீயிலிட்டு உருக்கினர். மங்கோன் போபித்தின் கூரையும் எரிந்து வீழ்ந்தது, சிலை சிதைந்தது. அன்றுமுதல் ஏறத்தாழ 190 ஆண்டுகள் புத்தருக்குக் கூரை வானமே.

1955இல் பர்மியத் தலைமை அமைச்சர் ஊ நூ தாய்லாந்துக்கு வந்தார். பகை தீர்க்கவா? இல்லை, பழி தீர்க்க! விகாரத்தைப் புதுப்பிக்க 2 இலட்சம் பாட் நன்கொடை அளித்தார். முன்னோர் இழைத்த கொடுமைக்குப் பின்னோர் செலுத்திய கழுவாய் என்றே அதனை நாம் கொள்கிறோம். 1957இல் புதிய விகாரம் தலைநிமிர்ந்தது.

சிலை தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. அதனை வணங்கிய கைகளே அதனை எரித்தன. எரிந்ததை எழுப்பியது எது? பக்தியன்று, பண்பு.

வகுப்பறையில் 1767ஐச் சொல்லி, வென்றவன் பெயரை எழுதச் செய்து, பாடத்தை முடித்துவிடுகிறோம் நாம். இனி 1955ஐயும் சேர்த்துச் சொல்வோம். வரலாறு அங்கேதான் நிறைவுறுகிறது.