பக்கவாத்தியக்காரர் பாலையா



பள்ளிக் கலைவிழா நாடகத்திற்குப் பாத்திரங்களைப் பங்கிட்டுக் கொடுத்த மறுநாள், மாணவன் ஒருவனின் தந்தையார் என்னைத் தேடி வந்தார். வேலை முடிந்து, சீருடைகூட மாற்றாமல் நேரே வந்திருந்தார். "என்னங்க சார், என் மகனுக்கு ராஜா வேஷம் இல்லையாமே? காவக்காரன்னா அவனுக்கு என்னங்க சார் பேச்சு இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், வருத்தமாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது முறை என்று கணக்கில்லை. நாகேஷ் தம் தந்தையிடம் திகில் கதை சொல்லும் காட்சி வந்ததும், படத்தையே கவனியாதிருந்த என் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிட்டனர். சிரித்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் காட்சியில் கதை சொல்பவர் நாகேஷ். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பாலையாவை. அவர் பேசியதோ மிகச் சில சொற்கள்.

டி. எஸ். பாலையா 1914-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடைக்கு வந்துவிட்டார். அவர் வளர்ந்த மேடை எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவரது திரை நடிப்பின் வேர் புலப்படும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே ஒரு சபையைத் தொடங்கினார். அதனையொட்டிப் 'பாய்ஸ் கம்பெனி' என மக்கள் அழைத்த குழுக்கள் பல தோன்றின. குழுவோடு தங்கி, குழுவோடு உண்டு, வாத்தியார் வாய்மொழியாகச் சொல்லும் பாடத்தை மனனம் செய்து, இரவெல்லாம் ஆடிப் பாடும் வாழ்க்கை அது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். குரல்தான் முதல், குரல் போனால் பிழைப்பே போயிற்று. பருவ வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைவதை நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்பார்கள். நேற்றுவரை ராஜபார்ட் பாடிய பையன், மகரக்கட்டு வந்த மறுநாள் மூலையில் நிற்பான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் நமக்கு அந்தக் கொடுமையை விளக்கத் தேவையில்லை.

இந்த மேடையிலிருந்துதான் தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படம் தன் நடிகர்களைப் பெற்றது. 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அதற்கு நல்ல சான்று. கதாநாயகர் எம். கே. ராதா, நாடகாசிரியர் கந்தசாமி முதலியாரின் மகன். என். எஸ். கிருஷ்ணனும் மேடையிலிருந்து வந்தவர். காவல் ஆய்வாளராகச் சிறு வேடத்தில் வந்த எம். ஜி. ஆருக்கு இதுவே முதல் படம். பாலையாவுக்கும் இதுவே முதல் படம். அவர் ஏற்றது இராமநாதன் என்ற வில்லன் வேடம். அப்போது அவருக்கு வயது 21.

எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடர்கதை அது. செல்வந்தனான நாயகனைக் குடிப்பழக்கத்தில் தள்ளுகிறான் இராமநாதன். கொலை செய்துவிட்டோம் என்று அஞ்சிய நாயகன் இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். குடியும் தோட்டமும் நமக்குப் புத்தகத்தில் படித்த செய்திகள் அல்ல. நம் பாட்டன்மார் பால்மரக் காட்டிலும் நம் உறவுமுறையார் கண்டிச் சீமையிலும் பட்ட பாட்டின் ஓர் ஓரம், 1936-லேயே திரையேறியிருக்கிறது.

படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் அறியாதவர். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய நாடகக்காரர்களை, இரண்டடி தூரத்தில் நிற்கும் காமிராவுக்கு ஏற்பப் பேசவைக்க வேண்டிய வேலை அவருடையதாயிற்று. அடுத்த ஆண்டே, 1937-இல், அவர் இயக்கிய 'அம்பிகாபதி'யில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்திரசேனனாக நின்றார் பாலையா. பாகவதர் பாட்டுக்குக் கூட்டம் கூடிய காலம் அது. அந்தப் பாட்டுக்கு எதிரே பாட்டில்லாமல் நிற்க வேண்டியவன் வில்லன். கத்திச் சண்டையும் கண்ணும் குரலும் மட்டுமே அவனுக்குத் துணை.

இடையில் வந்த படங்கள் பல; எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. ஆனால் 1949-இல் வெளிவந்த 'வேலைக்காரி'யை விட்டுவிட முடியாது. அறிஞர் அண்ணாவின் கதை வசனம், ஏ. எஸ். ஏ. சாமி இயக்கம். தந்தையின் சாவுக்குப் பழிவாங்கக் கத்தியோடு புறப்படும் ஆனந்தனாக வருபவர் கே. ஆர். இராமசாமி. அவனைத் தடுத்து, அறிவால் பழிவாங்கும் வழியைக் காட்டும் நண்பன் மணியாகப் பாலையா. கதையின் திருப்பமே அந்த நண்பனின் யோசனையில்தான் இருக்கிறது. எனினும் அவர் ஓரிடத்திலும் நாயகனை மறைத்துக்கொண்டு முன்னே வந்து நிற்பதில்லை.

1954-இல் 'தூக்குத் தூக்கி'. பழைய மேடைக் கதைதான். அதில் கொச்சைத் தமிழ் பேசும் வடநாட்டுச் சேட்டாக வந்து சிரிக்கவைத்தார். 1956-இல் 'மதுரை வீர'னில் பொம்மியை அடையத் துடிக்கும் நரசப்பன். வில்லனுக்குள் ஒரு கோமாளியை ஒளித்துவைக்கும் வித்தை இவ்விரண்டிலும் முதிர்ந்துவிட்டது. கள்ளபார்ட்டும் பபூனும் ஒரே உடம்பில் கூடியது என்பேன்.

இனி, 1964-க்கு வருகிறேன். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் தோட்ட முதலாளி விசுவநாதன். பணக்காரச் சம்பந்தம் தேடும் தந்தை. படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா. மகன் வாயாலேயே விதவிதமாக ஒலி எழுப்பிக் கதையை வளர்க்க வளர்க்க, தந்தையின் முகத்தில் முதலில் அலட்சியம், பிறகு ஆவல், பிறகு அச்சம். கதை பொய் என்பது அவருக்குத் தெரியும்; அவர் கண்களுக்குத் தெரியவில்லை. உடல் நாற்காலிக்குள் ஒடுங்குகிறது. கடைசி வரிசைக்குக் குரலை எறியக் கற்ற மனிதர், இங்கே குரலையே அடக்கிவிட்டு, கேட்பதையே நடிப்பாக்கிவிட்டார். நாகேஷின் திறமையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டா. பயப்பட ஒருவர் இல்லாமற்போனால் பயமுறுத்துபவருக்கு அங்கே வேலை இல்லை.

மறு ஆண்டு, 1965-இல், ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. நாகராஜனும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்தாம். பாணபத்திரராக வந்த டி. ஆர். மகாலிங்கமும் மேடையில் பாடி வளர்ந்த பிள்ளைதான். பாலையாவுக்கு அதில் கருவம் கொண்ட ஹேமநாத பாகவதர் வேடம். அரசவையில் அவர் பாடும் ராகமாலிகைக்குப் பின்னணிக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. ராகத்தின் பெயர் வருமிடத்தில் பாட்டு அந்த ராகத்துக்கே திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாலையாவின் புருவமும் தோளும் கூடவே திரும்பும். இரவற்குரல் என்ற நினைவே நமக்கு எழாது. ஆனால் நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவது அந்தப் பாட்டை அன்று. இரவில் விறகுவெட்டியாக வந்த சிவபெருமான் பாடும்போது, அதைக் கேட்கும் பாகவதரின் முகத்தைத்தான். ஆணவம் நொறுங்குவதற்கு அங்கே வசனம் கிடையாது. பாடுபவர் சிவாஜி, தோற்பவர் பாலையா. அந்தத் தோல்வியில் உண்மை இல்லாவிட்டால் இறைவனின் பாட்டுக்கே பெருமை ஏது?

1968-இல் அதே நாகராஜன், கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பா'ளைப் படமாக்கியபோது பாலையாவுக்குத் தந்தது தவில் வித்துவான் முத்துராக்கு வேடம். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி நாதசுவரம் ஏந்தி நிற்க, பக்கத்தில் தவிலோடு பாலையா. நாதசுவரக்காரர் கோபித்தால் சமாதானம் செய்ய வேண்டும். காதலித்தால் கண்டும் காணாததுபோல் இருக்க வேண்டும். கச்சேரி தொடங்கினால் கூடவே ஓட வேண்டும். தவில் இல்லாமல் நாதசுவரம் மேடை ஏறுவதில்லை. இருந்தும் சுவரொட்டியில் பெரிய எழுத்து நாதசுவரத்துக்குத்தான். தவில்காரர் வேடத்துக்குப் பாலையாவைத் தேர்ந்தெடுத்தது இயக்குநர் என்றாலும், முப்பதாண்டுத் திரைவாழ்க்கையே அந்தத் தேர்வைச் செய்து வைத்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1972-இல் பாலையா காலமானார். தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். பெயர் கேட்டால் சிலருக்கு நினைவு வராது. "அந்த நாகேஷுக்கு அப்பாவா வருவாரே" என்பார்கள்.

மறுநாள் அந்தத் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "வசனம் நாலே வரிங்க. ஆனா நாடகம் முழுக்க மேடையிலதான் நிப்பான். சாயங்காலம் ஒத்திகைக்கு அனுப்பிவைங்க" என்றேன். சற்று நேரம் மௌனம். பிறகு சரி என்றார். பையன் வந்து நின்றான். வேலைப் பிடித்து நிற்கத் தெரிந்துகொண்டான். அரசர் கோபமாகப் பேசும்போது அவன் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை இருவரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.